1977 ஸ்பிட்ஃபயர் 1500: வீட்டுக் கொட்டகையில் ஒரு முழுச் சீரமைப்பு

1977-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், கேன்லி ஆலையில் செய்யப்பட்ட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 இது. நான் இங்கே பிரிட்டனில் வாங்கியபோது இன்ஜின் ஓடியது, பிரேக் பிடித்தது, விளக்குகள் எரிந்தன. ஓட்டுநர் பக்கக் கதவை மூடத்தான் தோளால் ஒரு தள்ளு தேவைப்பட்டது. கதவின் பின்விளிம்பைப் பார்த்தால், மேலே ஒரு தாள்கூட நுழையாது. கீழே சுண்டுவிரல் தாராளமாக நுழையும். விற்றவர் கீல் தேய்ந்திருக்கும் என்றார். கீல் நன்றாகத்தான் இருந்தது. கார் நடுவில் தொய்ந்திருந்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மனம் மயங்குகிறார்கள். ஸ்பிட்ஃபயரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கதவு இடைவெளி. காரின் உயிர் அங்கே இருக்கிறது. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்கிறோம் என்ற வரிசையை அதுதான் தீர்மானிக்கிறது. வீட்டில் பிரித்துப் போட்ட பல கார்கள் அட்டைப் பெட்டிகளிலேயே முடிந்துபோவதற்குப் பணமோ திறமையோ இல்லாதது மட்டும் காரணமில்லை. வரிசை தவறினாலும் அந்தக் கதிதான். இந்தக் காரில் என்ன வரிசையில் வேலை நடந்தது, ஏன் அப்படி என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன்.

ஹெரால்டின் பிள்ளை

ஸ்பிட்ஃபயரைப் புரிந்துகொள்ள ஹெரால்டிலிருந்து தொடங்க வேண்டும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலொட்டி வரைந்து 1959-ல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு, சென்னைக்காரர்களுக்குப் பழக்கப்பட்ட முகம். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 948 சிசி இன்ஜினோடு அதையே ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று செய்து விற்றது. அறுபதுகளில் மெட்ராஸ் தெருக்களில் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவே ஓடிய மூன்றாவது கார் அது.

அந்த ஹெரால்டின் முதுகெலும்புச் சேஸிஸை (நடுவில் ஓடும் அடிச்சட்டத்தை) குறுக்கி, அதே மிக்கெலொட்டி ஓர் இருவர் இருக்கை உடலை வரைந்தார். ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்திடம் அப்போது பணமில்லை. மாதிரிக் காரை ஒரு மூலையில் துணிபோட்டு மூடிவைத்துவிட்டார்கள். 1961-ல் நிறுவனத்தை லாரி செய்யும் லேலண்டு வாங்கியது. ஆலையைச் சுற்றிப் பார்த்த புதிய நிர்வாகிகள் துணியை விலக்கிப் பார்த்து உற்பத்திக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 1962 லண்டன் மோட்டார் ஷோவில் ஸ்பிட்ஃபயர் வந்தது. 1980 ஆகஸ்டு வரை 3 லட்சத்து 14 ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். கடைசியாக வந்த மஞ்சள் கார் விற்கப்படாமல் இன்று இங்கிலாந்தின் கேய்டன் ஊரில் உள்ள மோட்டார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சேஸிஸைக் குறுக்கும்போது செய்த ஒரு மாற்றம்தான் இந்த ஆய்வின் மையம். ஹெரால்டில் நடு முதுகெலும்பிலிருந்து இரு பக்கமும் கைகள் நீண்டு, உடலின் ஓரங்களைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அவை செய்த வேலையைக் கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஓடும் பெட்டி போன்ற தகடுகளிடம் ஒப்படைத்தார்கள். அதைத்தான் ‘சில்’ என்பார்கள். இங்கே சில் பெட்டி என்றே எழுதுகிறேன். பின் சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பிகூடச் சேஸிஸில் மாட்டப்படவில்லை. சில் பெட்டி முடியும் இடத்தில், உடலின் தகட்டிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. ஆகவே, தனிச் சேஸிஸ் உள்ள கார்தானே, உடல் துருப்பிடித்தால் அழகுதானே கெடும் என்ற நினைப்பு இங்கே செல்லாது. சில் பெட்டி போனால் காரின் விறைப்பும் போகும், பின் சக்கரத்தின் பிடிமானமும் போகும்.

முதல் சோதனை

கொட்டகைத் தளம் சமமாக இல்லாததால் முதல் வேலையாக நான்கு ஆக்சில் ஸ்டாண்டுகளுக்கும் அடியில் இரும்புத் தகடுகள் கொடுத்து, தண்ணீர் மட்டக் குழாயால் சேஸிஸைச் சமமாக்கினேன். சேஸிஸ் சமமாகாமல் எந்த அளவும் அளவாகாது. பிறகு இரு கதவுகளின் இடைவெளிகளையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்து சுவரில் எழுதினேன். இரு கதவுத் தூண்களுக்கும் இடையிலான குறுக்களவும் அதில் சேர்ந்தது. வேலை முடியும்வரை அந்தச் சுவர்தான் எனக்குக் கணக்குப் புத்தகம்.

அடுத்து ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் காரெங்கும் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துருவும் பட்டியும் நிறைந்த தகடு மொத்தென்று கேட்கும். சேஸிஸ் நல்ல நிலையில் இருந்தது, முன்னால் பானெட்டைத் தாங்கும் குழாய்களில் மட்டும் துரு. பானெட்டின் சக்கர வளைவுகளில் ஓட்டை. பேட்டரித் தட்டு அமிலம் பட்டு அரித்திருந்தது; ஸ்பிட்ஃபயரில் பேட்டரி இன்ஜினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே உள்ள மேடையில் உட்காருவதால் இது எல்லாக் கார்களிலும் வரும் சீக்கு. டிக்கித் தகட்டில் இரண்டு இடத்தில் ஓட்டை வழியே கொட்டகைத் தரை தெரிந்தது.

சில் பெட்டிகள் மட்டும் வெளியே பளபளவென்று இருந்தன. அந்தப் பளபளப்பே சந்தேகத்தைக் கிளப்பியது. காந்தம் ஒட்டியது, தட்டினால் சத்தம் மொத்தென்று வந்தது. ஓரத்தில் கிரைண்டர் வைத்து ஒரு சன்னல் திறந்தபோது விஷயம் வெளியே வந்தது: யாரோ ஒரு முந்தைய பட்டறைக்காரர் துருப்பிடித்த பழைய தகட்டை எடுக்காமல், அதன்மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்து, கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து மூடியிருந்தார். உள்ளே பழைய துரு ஈரத்தோடு புதுத் தகட்டையும் தின்றுகொண்டிருந்தது. ஆண்டுச் சோதனைச் சான்றுக்குப் போகும்போது குத்திப் பார்த்தால் ஓட்டை விழாது, அவ்வளவுதான் அதன் பயன். இப்படிச் செய்வதை நான் ரிப்பேர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்து இந்தக் காரை வாங்கி, மழையில் நெடுஞ்சாலையில் ஓட்டப்போகிற ஒருவருக்குச் செய்யும் துரோகம் அது.

சில் பெட்டிகள்

உடலைச் சேஸிஸிலிருந்து தூக்கி, சுழலும் தாங்கியில் மாட்டி, எல்லாப் பக்கமும் வசதியாகப் பற்றவைப்பதுதான் இன்று பலரும் ஆசைப்படும் முறை. படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஸ்பிட்ஃபயரின் சில் பெட்டி கெட்டிருக்கும்போது அப்படித் தூக்கினால், உடல் தன் எடையிலேயே கோணிக்கொள்ளும். கோணிய நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகும். பிறகு எந்தக் கதவும் எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது. எனவே சில் வேலை முழுவதும் உடல் சேஸிஸின்மேல் போல்ட்டோடு இருக்கும்போதே நடந்தது. இந்த ஒரு முடிவில் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன்.

பற்றவைப்பதற்கு முன் பெட்ரோல் டாங்கை முழுதாகக் கழற்றி வெளியே கொண்டுபோனேன். அது இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. காலி டாங்குதான் நிறைந்த டாங்கைவிட ஆபத்து, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவி. பேட்டரியும் ஆல்டர்னேட்டர் இணைப்பும் எடுக்கப்பட்டன. தார்ப்பூச்சைப் பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டி எடுக்காவிட்டால் தகட்டின் மறுபக்கத்தில் தீப்பிடிக்கும், நமக்குத் தெரியாது. தீயணைப்பானும் ஈரச் சாக்கும் கைக்கெட்டும் தூரத்தில். வெல்டிங் முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து முகர்ந்து பார்ப்பது என் வழக்கம்.

கதவைக் கழற்றி, முன் தூணிலிருந்து பின் தூண்வரை சதுரக் குழாயால் இரண்டு தாங்கிகள் பற்றவைத்தேன். அதற்கு முன்பே சேஸிஸின் நடுப்பகுதிக்கு ஒரு ஜாக் கொடுத்து, கதவின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சமமாகும்வரை மிகச் சிறிதாக ஏற்றியிருந்தேன். கார் நடுவில் தொய்ந்தால் இரு தூண்களின் உச்சிகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அதனால்தான் மேலே இறுக்கமும் கீழே அகலமும். தாங்கி வைப்பது சரியான நிலையைப் பூட்டத்தான். தொய்ந்த நிலையில் தாங்கியைப் பற்றவைத்துவிட்டால் நோயையே பூட்டியதாகிவிடும்.

ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் திறந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

சில் பெட்டியில் மூன்று அடுக்கு உண்டு. வெளியே தெரியும் தகடு, தரையோடு சேர்ந்த உள் தகடு, இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் வலுத்தகடு. விலை குறைவான பழுதுகளில் அந்த நடுத்தகட்டைத்தான் யாரும் மாற்றுவதில்லை, ஏனென்றால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. விறைப்பின் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. இந்தக் காரில் வலப்பக்க நடுத்தகட்டின் கீழ்ப்பாதி இல்லை. துகளாகப் பெட்டிக்குள் கிடந்தது. கையால் அள்ளி எடுத்தேன்.

ஆலையில் இந்தத் தகடுகளைப் புள்ளி வெல்டிங்கால் இணைத்திருந்தார்கள். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தால் அடித்தகடு கெடாமல் பிரியும். அவசரப்பட்டு உளியால் பிளந்தால் தரையின் ஓரமும் கிழிந்துவரும். புதிய தகட்டில் அதே இடைவெளிகளில் துளை போட்டு, எம்ஐஜி வெல்டரில் (கம்பி தானாக ஊட்டப்படும் வகை) 0.6 மி.மீ. கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் வைத்து அந்தத் துளைகளை நிரப்பினேன். ஒட்டப்போகும் முகங்களில் முன்பே துத்தநாக பிரைமர் பூசியிருந்தேன். ஒட்டிய பிறகு அங்கே தூரிகை போகாது. துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது, முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம்.

புதுத் தகட்டைக் கிளாம்பில் பிடித்து, நான்கைந்து இடத்தில் மட்டும் பொட்டு வைத்து, கதவைத் திரும்ப மாட்டிப் பார்த்து, சுவரில் எழுதிய அளவோடு ஒப்பிட்டு, கழற்றி, மறுபடி பொட்டு. இந்தச் சுற்றுத்தான் நேரத்தைத் தின்றது. நீளமாக ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளியும். ஒரு முனையில் இரண்டு துளை, எதிர் முனையில் இரண்டு, பிறகு நடுவில் என்று இடம் மாற்றி மாற்றிப் போனேன். மலிவாகக் கிடைத்த ஒரு வெளித்தகட்டின் விளிம்பு கதவின் வளைவோடு சேரவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடிய, வடிவம் சரியான தகட்டையே வாங்கினேன். தகட்டில் மிச்சம் பிடித்த பணம் உழைப்பாக இரட்டிப்பாய்ப் போகும்.

பின் சக்கரக் கம்பி மாட்டும் இடத்தில் பழைய தகட்டை வெட்டி எடுத்து, கொஞ்சம் தடித்த தகட்டில் ஒட்டு வைத்தேன். இரண்டு பக்கமும் முடிந்து, ஜாக்கை இறக்கி, தாங்கிகளை வெட்டி எடுத்த பிறகு கதவை மாட்டினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி. ஒரு விரலால் தள்ளினேன், கதவு மூடிக்கொண்டது.

சேஸிஸும் முன் சக்கரங்களும்

இப்போதுதான் உடலைத் தூக்கும் நேரம். கதவு, பானெட், கண்ணாடிச் சட்டம் எல்லாம் எடுத்த வெறும் கூட்டை நான்கு பேர் சேர்ந்தால் கையாலேயே தூக்கிவிடலாம். நண்பர்கள் வந்தார்கள், சாப்பாடு போட்டேன். உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள மெல்லிய தகட்டுத் துண்டுகள் எந்தப் போல்ட்டில் எத்தனை இருந்தன என்று குறித்துவைத்திருந்தோம். அந்தத் துண்டுகளை மாற்றிப் போட்டால் சில் வேலையில் கிடைத்த கதவு இடைவெளி கைவிட்டுப் போகும்.

முன் சக்கரத்தின் அமைப்பு அப்படியே ஹெரால்டினுடையது. ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு, அடியில் மரைபோட்டு ஒரு வெண்கலக் கட்டைக்குள் திரும்புகிறது. அதன் பெயர் ட்ரனியன். பல ஆயிரம் மைல் உழைக்கும் எளிய, அருமையான அமைப்பு, ஒரே ஒரு நிபந்தனையோடு: எண்ணெய் வேண்டும். எண்ணெய் வற்றினால் தண்ணீர் நுழைந்து, மரையின் மேல்முனையில் தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கும்.

என் சித்தப்பா சென்னையில் பட்டறை வைத்திருந்தவர். ஹெரால்டும் அதற்குப் பின் வந்த கெஸலும் அவர் கையில் புழங்கியவை. ட்ரனியனைக் கழற்றிய அன்று அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“தம்பி, அதுல கிரீஸ் அடிச்சிராதப்பா. எண்ணெய்தான்.”

“தெரியும் சித்தப்பா. தொண்ணூறு நம்பர் கியர் எண்ணெய்தானே?”

“அதேதான். கிரீஸ் மரைக்குள்ள போகாது, கெட்டியா வெளியவே நின்னுக்கும். எண்ணெய் கீழ வழியுதேன்னு பயப்படாத, வழிஞ்சாத்தான் உள்ள போய்ச் சேந்துச்சுன்னு அர்த்தம். இடது வலது மாத்திப் போட்றாத, மரை ரெண்டும் எதிரெதிர்.”

அவர் சொன்ன மூன்றும் தொழிற்சாலைக் கையேட்டில் இருப்பவைதான். இங்கே இருக்கும் பல உரிமையாளர்கள் கிரீஸ் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் துப்பாக்கியை எடுத்துவிடுகிறார்கள். இந்தக் காரின் இடப்பக்க ட்ரனியனுக்குள்ளும் காய்ந்த கிரீஸ்தான் இருந்தது. தண்டின் மரையில் துருக்குழிகள். இரண்டு தண்டுகளையும் இரண்டு கட்டைகளையும் புதிதாகவே போட்டேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. லோட்டஸ் எலான் ஸ்போர்ட்ஸ் கார்கூட டிரையம்ஃபிடமிருந்து எடுத்த இதே அமைப்பில்தான் ஓடியது.

பின் சக்கரங்களின் கதை வேறு. ஸ்பிட்ஃபயரின் பின் அச்சு நடுவில் மட்டும் மடங்கும் வகை. குறுக்கே ஒரு பட்டை வில் தாங்குகிறது. ஆரம்பக் கார்களில், வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின் சக்கரம் உள்ளே மடங்கிக் கார் சுழன்றுவிடும். 1970-ல் வந்த நான்காம் வடிவத்திலிருந்து வில்லின் பெரும்பாலான பட்டைகளை இறுகக் கட்டாமல், நடுவில் அசையும்படி விட்டார்கள். சீக்கு பெரிதும் தணிந்தது. சென்னையில் இதற்கு வேறு வழி கண்டார்கள்: 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் அந்த அச்சையே தூக்கிவிட்டு, சாதாரண முழு அச்சைப் போட்டார்கள். என் காரில் வில் நல்ல நிலையில் இருந்தது. பட்டைகளுக்கு நடுவே உள்ள ரப்பர்களை மட்டும் மாற்றினேன்.

பின் சக்கர பேரிங்கை மாற்ற நான் முயலவில்லை. சக்கரம் மாட்டும் அந்த ஹப்பைப் பிடுங்க அதற்கென்றே செய்த கருவி வேண்டும்; சுத்தியல் எடுத்தால் ஹப்பும் போகும் தண்டும் போகும். இரண்டு தண்டுகளையும் கழற்றி, கருவி வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்பினேன். பழைய பிரேக் டிரம்களைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி, அதற்கான குப்பையில் சேர்க்க வேண்டும். பிரேக் குழாய்கள் எல்லாம் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவையில் புதிதாகப் போட்டேன்.

இன்ஜின்

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஒரு சோதனை அதைத் தீர்மானித்தது. ஒருவர் கிளட்சை மிதித்து விட, நான் முன்னால் கிராங்க் தண்டின் முனையிலுள்ள புல்லியின்மேல், நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜை வைத்துப் பார்த்தேன். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது.

1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாகத் தொடங்கிய இன்ஜின் குடும்பம் இது. 948, 1147, 1296 என்று வளர்ந்து கடைசியில் 1493 சிசியில் நின்றது. வண்டலூர் ஹெரால்டின் 948 இதன் மூத்த அண்ணன். 1296-க்கும் 1493-க்கும் சிலிண்டர் அகலம் ஒன்றுதான், 73.7 மி.மீ.; பிஸ்டன் ஓடும் நீளத்தை 76-லிருந்து 87.5 மி.மீ.க்கு நீட்டிக் கொள்ளளவைக் கூட்டினார்கள். அதனால் கீழ்வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும்; உயர்வேகத்தில் கிராங்கும் பேரிங்குகளும் பாடுபடும். 1974-லிருந்து எம்ஜி மிட்ஜெட்டிலும் இதே இன்ஜினைப் போட்டார்கள்.

இந்தக் குடும்பத்துக்கே உள்ள பலவீனம், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள். பின் பேரிங்கின் இரு பக்கமும் அவை வெறுமனே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கிளட்சை மிதித்தபடியே சிக்னலில் நிற்கும் பழக்கம் அவற்றைத் தேய்க்கும். தேய்ந்து மெலிந்ததும் கழன்று எண்ணெய்ச் சட்டிக்குள் விழும். பிறகு கிராங்க் இன்ஜின் பிளாக்கையே அராவும். பிளாக்கையே தூக்கிப் போட வேண்டியதுதான். இன்ஜின் சத்தம் கேட்டு மயங்குபவர்களுக்கு இது காதில் விழாது.

நல்லவேளை, வாஷர்கள் தேய்ந்திருந்தனவே தவிர விழவில்லை. சட்டியைக் கழற்றி, பின் பேரிங் மூடியை இறக்கி, காரிலிருந்து இன்ஜினை எடுக்காமலே மாற்றக்கூடிய வேலை இது. என் காரில் உடலே வெளியே இருந்ததால் இன்ஜினையும் எடுத்து மேசைமேல் வைத்தே செய்தேன். பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் தங்காது. சாதாரண அளவு வாஷரில் நகர்வு கையேட்டின் எல்லைக்குள் வராததால் தடித்த அளவு போட்டேன். கனெக்டிங் ராடு பேரிங்குகளும் புதிது. சிலிண்டர் சுவர் நன்றாக இருந்தது, ரீபோர் (சிலிண்டரை அகலமாக்கிக் கடைவது) தேவைப்படவில்லை.

சிலிண்டர் ஹெட் மட்டும் வெளிப் பட்டறைக்குப் போனது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொதுவிற்பனை நின்றுவிட்டது. ஈயத்தின் காப்பு இல்லாமல் இந்த ஹெட்டின் வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகள் தேய்ந்துபோகும். எனவே கடினப்படுத்திய வளையங்கள் பதித்து வாங்கினேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம்வரை எத்தனால் சேர்க்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கரைத்துக் கசியவைக்கும். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றி, எத்தனால் குறைந்த உயர்வகைப் பெட்ரோலே போடுகிறேன். இரட்டை எஸ்யூ கார்ப்பரேட்டர்களுக்குத் தண்டும் ஊசியும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. கியர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஓவர்டிரைவ் (இன்ஜின் வேகத்தைக் குறைத்து ஓடவிடும் கூடுதல் கியர்) மூன்றிலும் நான்கிலும் ஒழுங்காக விழுந்தது. நன்றாக இருப்பதைத் தொடாமல் விடுவதும் சீரமைப்பில் சேர்த்தி.

மின்கம்பியும் பெயிண்டும்

மின்கம்பி வேலைக்குப் பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் இந்தக் காரிலேயே மிக ஒழுங்கான பகுதி அது. அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலானவற்றுக்கும் நிறக்கணக்கு ஒன்றுதான்: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, பச்சை அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டிய பின், ஊதா ஃபியூஸ் வழியே எப்போதும் இருப்பது, நீலம் ஹெட்லைட், சிவப்பு ஓர விளக்கு, கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்தவருக்கு வரைபடமே பாதி வேண்டாம். இந்தக் காரில் பிரச்சினை தந்தவை பிற்காலத்தில் ரேடியோவுக்கும் மூடுபனி விளக்குக்கும் யார்யாரோ இழுத்த சிவப்புக் கம்பிகள். எல்லாவற்றையும் அறுத்து எறிந்தேன். மங்கலாக எரிந்த விளக்குகளுக்குக் காரணம் எர்த் இணைப்பில் துரு. சுரண்டி, புது வளையம் போட்டு, வாசலின் பூசியதும் சரியாகிவிட்டது.

கார் என்னிடம் வந்தபோது சிவப்பு. பின் தரைவிரிப்புக்கு அடியிலும் கண்ணாடிக் கம்பத்துக்குப் பின்னாலும் அசல் நிறம் இருந்தது: இன்கா மஞ்சள், கேய்டனில் நிற்கும் கடைசிக் காரின் அதே நிறம். அதையே திரும்பக் கொடுத்தேன். டிங்கரிங், பட்டி, பிரைமர், தேய்ப்பு எல்லாம் வீட்டில்; கடைசி நிறம் மட்டும் வெளியே. இன்றைய இரு கலவைப் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. அது நுரையீரலுக்குள் போனால் வாழ்நாள் ஆஸ்துமா வரலாம்; வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுச் சன்னல் இரண்டடி தூரத்தில் இருக்கும் கொட்டகையில் அதை அடிப்பது நியாயமில்லை. பெயிண்ட் வந்த பிறகு சில் பெட்டிகளுக்குள், கதவுகளுக்குள், பானெட் மடிப்புகளுக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகு பீய்ச்சினேன். இந்தக் காரின் ஆயுளைக் கூட்டுவதில் மேலே தெரியும் மஞ்சளைவிட உள்ளே தெரியாத மெழுகுக்குத்தான் பங்கு அதிகம்.

சாலையில்

பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் இந்தக் காரைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நானே பிரித்து நானே மாட்டியிருக்கும்போது, இன்னொரு தேர்ந்த கண் அடியில் நின்று பார்ப்பது சாலையில் வரும் மற்றவர்களுக்கு நான் தர வேண்டிய மரியாதை. பின் பிரேக்கில் இரு பக்கமும் சமமில்லை என்று ஒரு குறிப்புடன் தேறியது. வீட்டுக்கு வந்து சரிசெய்தேன்.

செலவைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். தகடுகளும் பெயிண்டும் சேர்ந்து இன்ஜின் செலவைப் பல மடங்கு தாண்டின. மொத்தமாகக் கூட்டினால், இதே நிலையில் ஏற்கெனவே சீரமைத்த ஸ்பிட்ஃபயர் ஒன்றை அதைவிடக் குறைவாக வாங்கியிருக்கலாம். என் உழைப்புக்குக் கூலி போடாமலேயே. லாபத்துக்காக யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இறங்குபவர்கள் 1977-ல் தொடங்கப்பட்ட டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் போன்ற அமைப்பில் முதலில் சேரட்டும். பாகங்கள் எங்கே நல்லவை, எங்கே போலி என்பதை அங்கே இருப்பவர்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

புது ஓட்டத்துக்குப் பின் ஹெட் போல்ட்டுகளையும், வில்லின் கட்டுகளையும், உடலைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கினேன். கிராங்க் நகர்வை அளந்தேன், அப்படியே இருக்கிறது. முதல் குளிர்காலம் முடிந்ததும் கதவு இடைவெளிகளை மறுபடி அளந்து சுவரில், வேலை முடிந்தபோது எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் எழுதினேன். ஓட்டுநர் பக்கம் மேலே அரை மி.மீ. குறைந்திருக்கிறது, மற்ற எல்லாம் மாறவில்லை. அது புது ரப்பர் அமுங்கியதால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்குப் பிறகு அளக்கும்போது உறுதியாகிவிடும். ட்ரனியன்களுக்கு எண்ணெய் விடும் துப்பாக்கி கதவோரம் ஆணியில் தனியாகத் தொங்குகிறது, கிரீஸ் துப்பாக்கியோடு யாரும் மாற்றி எடுத்துவிடாதபடி.